தோற்றவர் பக்கமிருந்து அயர்ன் பௌல்

அமெரிக்கக் கால்பந்தில் அலபாமா, ஆபர்ன் பல்கலைக்கழக அணிகள் ஆண்டுதோறும் மோதும் அயர்ன் பௌலைப் புரிந்துகொள்ள நல்ல வழி ஒன்று உண்டு. உங்கள் அணி ஜெயித்த ஆட்டத்தை எடுத்து, தோற்ற அணியின் வானொலி வர்ணனையோடு முழுதாகப் பாருங்கள். வீடியோவின் ஒலியை அணைத்துவிட்டு, தொடக்க உதையின்போது இரண்டையும் ஒன்றாக ஓடவிட வேண்டும். விளம்பர இடைவேளைகளால் வர்ணனை விலகிப்போகும். ஒவ்வொரு கால்பகுதியின் தொடக்கத்திலும் மறுபடி பொருத்துங்கள். ஐந்து நிமிடத் தொகுப்பு இதற்கு உதவாது. ஜெயித்தவர் நினைவில் நிற்பது மட்டும்தான் அதில் இருக்கும்.

2013 நவம்பர் 30 ஆட்டத்தையே பார்ப்போம். ஆபர்ன் 34, அலபாமா 28. முந்தைய ஆண்டு 49-0 என்று தோற்றிருந்த ஆபர்னின் ரசிகருக்கு அது ஒரே ஓட்டம்தான்: ஆட்டத்தின் கடைசி நொடியில் அலபாமா கம்பங்களுக்கு நடுவே அடிக்கப் பார்த்த 57 யார்டு ஃபீல்டு கோல் உதை எட்டாமல் விழ, மைதான முனையிலுள்ள எண்ட் ஸோனின் பின்பக்கம் அதைப் பிடித்த ஆபர்னின் கிறிஸ் டேவிஸ், இடது கோட்டோரமாக மறுமுனை வரை ஓடி வெற்றிப் புள்ளிகளை எடுத்தார்.

அலபாமா ரசிகரிடம் கேட்டால் கதை அதற்கு வெகு முன்பே தொடங்கும். 28-21 முன்னிலை, ஆபர்னின் 13 யார்டு கோடு, பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நாலு முயற்சிகளில் கடைசியானது, தேவை ஒரே யார்டு. மூன்று புள்ளி தரும் ஃபீல்டு கோலுக்கு உதைக்காமல் ஓடிப்பார்த்தார்கள், கிடைக்கவில்லை. உதைப்பவர்மேல் நம்பிக்கை போய்விட்டது என்றே அவர்கள் அதைப் படிக்கிறார்கள். அன்று ஃபீல்டு கோல் முயற்சிகள் மூன்று வீணாயின. கடைசி உதைக்கு ஆளையே மாற்றினார்கள். அந்த உதைக்காகக் கடிகாரத்தில் ஒரு நொடியை மீட்டுத் தரும்படி நடுவர்களிடம் கேட்டு வாங்கியதும் அவர்களுடைய பயிற்சியாளர் நிக் சேபன்தான். உதை அணியில் பெரும்பாலும் தடுப்பு வேலைக்கான கனத்த ஆட்கள். திறந்த வெளியில் வேகமாக ஓடுபவரைத் துரத்திப் பிடிப்பது அவர்களுக்குப் பெரும்பாடு. இப்படிக் கேட்ட பிறகு அந்த ஓட்டம் அற்புதமாக மட்டும் தெரியாது, அதற்கான காரணங்களும் தெரியும்.

எந்த மைதானத்தில் ஆடுவது என்ற சண்டையும் இப்படித்தான். 1948 முதல் 1988 வரை எல்லா ஆட்டங்களும் பர்மிங்காமின் லீஜியன் ஃபீல்டில் நடந்தன. டிக்கெட்டுகள் சரிபாதி, ஆகவே பொது மைதானம் என்பது அலபாமா தரப்பு. அலபாமா தன் மற்ற சொந்த ஆட்டங்கள் பலவற்றையும் அங்கேயே ஆடியது, அது எப்படிப் பொதுவாகும் என்பது ஆபர்ன் தரப்பு. என் கணிப்பில் ஆபர்ன் சொன்னதே சரி. 1989 டிசம்பர் 2 அன்று அலபாமா முதன்முறையாக ஆபர்ன் ஊருக்கே வந்து ஆடி, 30-20 என்று தோற்றது. அலபாமா ரசிகருக்கு அது ஒரு தோல்வி. ஆபர்ன் ரசிகர் இறுதிப் புள்ளிகளுக்கு முன்பே, எதிரணிப் பேருந்துகள் ஊருக்குள் வந்ததைச் சொல்வார்.

2023இல் தோற்றவர் இடத்தில் ஆபர்ன். நாலாவது முயற்சி, 31 யார்டு தேவை. அலபாமாவின் மில்ரோ எறிந்ததைச் சகவீரர் பாண்ட் எண்ட் ஸோனில் பிடிக்க, அலபாமா 27-24 என வென்றது. ஆபர்ன் ரசிகர் அந்த எறிதலிலிருந்து தொடங்குவதில்லை. சற்று முன் தங்கள் ஆள் கைநழுவவிட்ட பன்ட்டிலிருந்து (எதிரணி தூரமாக உதைத்துத் தரும் பந்து) தொடங்கி, கடைசியில் எறிபவரை நெருக்க இரண்டே பேரை ஏன் அனுப்பினார்கள் என்று கேட்பார்.