சுவரொட்டி

மார்ச் 4, செவ்வாய்
பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று பார்க்கத்தான் போனேன். கல் இல்லை. ஆனால் ஸ்கேன் கருவி இடது விலாப் பக்கம் வந்ததும் நின்றுவிட்டது. "மூச்சை இழுத்துப் பிடிங்க. விடுங்க. இன்னொரு தடவை." நாலு தடவை. ரிப்போர்ட்டில் ஒரே வரி: மண்ணீரலில் 2.4 செ.மீ. கட்டி, வெண்மையாக, ஓரம் தெளிவாக.

மார்ச் 5
தூங்கவில்லை.

மார்ச் 6, வியாழன்
"பெரும்பாலும் ஹீமாஞ்சியோமாதான்" என்றார் டாக்டர். ரத்தக்குழாய்க் கட்டி, மண்ணீரலில் வருகிற சாதுவான கட்டிகளில் அதுதான் அதிகமாம். ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்த்துவிடலாமே என்றேன். ரத்தத்தில் ஊறிய பஞ்சு அது, குத்தினால் கசியும், படத்திலேயே பார்ப்போம் என்றார். சரி. அந்தப் 'பெரும்பாலும்'தான் உறுத்துகிறது.

மார்ச் 9, ஞாயிறு
அவர் கறி வாங்கி வந்தார். தொடவில்லை. சின்ன வயதில் எனக்கு ரத்தம் கம்மி என்று அம்மா சுவரொட்டி வாங்கி மிளகு போட்டு வதக்கித் தருவாள். பச்சையில் கருஞ்சிவப்பு, வழவழவென்று கையில் நிற்காது. ஆட்டு மண்ணீரலைத்தான் அத்தனை வருஷம் தின்றிருக்கிறேன்.

மார்ச் 12, புதன்
சிடி ஸ்கேன். படம் தெளிவாக விழ ஏற்றுகிற மருந்து ஏறியதும் தொண்டையிலிருந்து அடிவயிறு வரை சூடு. சிறுநீர் போய்விட்டதோ என்று பயந்தேன்.

ஸ்கேன் டாக்டரம்மா படத்தைக் காட்டினார். மண்ணீரல் முழுக்க வரிவரியாக, வரிக்குதிரை போல. எனக்குக் கை நடுங்கிவிட்டது. சிரித்தார். மருந்து மண்ணீரலுக்குள் ஒரே வேகத்தில் ஓடாது, முதல் அரை நிமிஷம் எல்லாருக்கும் இப்படித்தானாம். 70 விநாடிப் படத்தில் வரியெல்லாம் மறைந்திருந்தது. மறையாமல் நின்றது என்னுடையது மட்டும். ஓரம் வெளுத்து, நடுவில் இருட்டு. கல்லீரலில் என்றால் இதை வைத்தே சொல்லிவிடலாம், மண்ணீரலில் அவ்வளவு பிடிகொடுக்காது, எம்ஆர்ஐ எடுங்கள் என்றார்.

மார்ச் 13
கூகுளில் தேடாதே என்று அவர் சொன்னார். தேடினேன். மண்ணீரல் கட்டியிலேயே வேறு வகைகள்: ஹமார்ட்டோமா, லிம்ஃபாஞ்சியோமா. 'சாண்ட்' என்று ஒன்று, அதற்குப் பெயர் வைத்ததே 2004இல். வண்டிச் சக்கரத்து ஆரக்கால் மாதிரி மருந்து ஏறுமாம். என் பிலிமை ட்யூப்லைட்டில் பிடித்து ஆரக்கால் தேடினேன். மணி ஒன்றாகிவிட்டது.

மார்ச் 17
அம்மா போனில்: "குரல் ஏன்டி ஒரு மாதிரி இருக்கு?" சளி என்றேன்.

மார்ச் 19, புதன்
எம்ஆர்ஐ. தாலிச்சங்கிலி அவர் சட்டைப்பையில். உள்ளே ஆணி அடிக்கிற சத்தம். டி2 என்கிற ஒரு வகைப் படத்தில் கட்டி பளீரென்று வெள்ளை. நீர்க்கட்டியும் அப்படித்தான் தெரியும், ஆனால் அதற்குள் மருந்து ஏறாது. இதில் மெல்ல ஏறியிருக்கிறது. ரத்தக்குழாய்க் கட்டிக்கு ஒத்துப்போகிறதாம், நல்லதுதானாம்.

மார்ச் 21, வெள்ளி
ஆறு மாதம் கழித்து மறுபடி ஸ்கேன். எடுத்தே போடுங்களேன் என்று கேட்டுவிட்டேன். மண்ணீரல் போனால் ஆயுசுக்கும் தொற்றுப் பயம், நிமோனியா ஊசி அது இதென்று வரிசையாக. சந்தேகத்துக்காக எடுக்க மாட்டேன் என்றார். ரிப்போர்ட்டிலும் 'பெரும்பாலும்' இருக்கிறது.

மார்ச் 23, ஞாயிறு
சொல்லாமல் கொள்ளாமல் அம்மா வந்து நிற்கிறாள். "முகமே வெளுத்துக் கிடக்கு. ரத்தம் கம்மியாத்தான் இருக்கும்." கையில் தூக்குவாளி. மூடி திறக்கும் முன்பே மிளகு வாசனை.