ஃபாக் லைட்டைப் போடவும் தெரியணும், அணைக்கவும் தெரியணும்

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் பாதையில், ஐப்பசி கார்த்திகையில் மதியம் மூன்று மணிக்கே மிஸ்ட் இறங்கிவிடுவதுண்டு. பர்லியாறு வரை நல்ல வெளிச்சம் இருக்கும். அதற்கு மேல் சில வளைவுகள் ஏறியதும் எதிரே வரும் பஸ், கிட்டத்தில் வந்த பிறகுதான் கண்ணில் படும். அந்த நேரத்தில் போகிற வண்டிகளைப் பாருங்கள். ஒருவர் ஹை பீமில் வருவார். ஒருவர் நாலு இண்டிகேட்டரையும் தட்டிவிட்டு வருவார். ஒருவர் எந்த விளக்கும் இல்லாமல், சாம்பல் நிறக் காரில், சாம்பல் நிறப் புகைக்குள் வருவார். வண்டியில் ஃபாக் லைட், அதாவது மூடுபனி விளக்கு, இருந்தும் பலர் அதைத் தொடுவதில்லை. ஆனால் சமவெளிக்கு வந்தால், நிலா வெளிச்சத்தில்கூட அதே ஃபாக் லைட்டை எரியவிட்டு ஓட்டுகிறவர்கள் எத்தனையோ பேர்.

மூடுபனி என்பது காற்றில் மிதக்கும் நுண்ணிய நீர்த்துளிகள். ஹை பீம் மேல்நோக்கியும் தூரத்துக்கும் அடிக்கிற வெளிச்சம். அது கண்ணுக்கு நேரே இருக்கும் அத்தனை துளிகளிலும் பட்டுச் சிதறி, ஒரு பங்கு நம் கண்ணுக்கே திரும்பி வருகிறது. எதிரில் வெள்ளைத் துணி கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருக்கும். டிம் போட்டால் அந்தத் துணி கொஞ்சம் விலகும். ஃபாக் லைட் இன்னும் கீழே, பம்பரில் இருக்கிறது. ஐ.நா. வாகன விதிகளின்படி கார்களில் அது தரையிலிருந்து 25 செ.மீ.க்குக் குறையாமலும் 80 செ.மீ.க்கு மிகாமலும் இருக்க வேண்டும். அதன் ஒளிக்கற்றை அகலமாகப் பரவும். மேல் விளிம்பு கத்தியால் வெட்டியது போல நேராக நிற்கும். நம் பார்வை போகிற வழியில் இருக்கும் துளிகளில் இந்த வெளிச்சம் அதிகம் படாது. அதற்கும் கீழே, தார் மேல் ஓடும்.

அதனால் என்ன தெரியும்? தூரம் தெரியாது. இதைத்தான் பலர் தப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். வண்டிக்கு முன்னால் கொஞ்ச தூரத்துக்கு ரோட்டின் ஓரத்து வெள்ளைக்கோடு, தடுப்புச் சுவரின் அடிப்பாகம், கொண்டை ஊசி வளைவின் உள்பக்க விளிம்பு, ஓரத்தில் விழுந்து கிடக்கும் கல், இவைதான் தெரியும். மெதுவாகப் போகிறவருக்கு அது போதும். 60-ல் போகிறவருக்கு ஃபாக் லைட்டால் ஒரு பயனும் இல்லை.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு நொடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் போகிறது. கண் பார்த்து கால் பிரேக்கைத் தொட ஒன்றரை நொடி என்றால் அதற்குள் 25 மீட்டர் போய்விடும். ஈர ரோட்டில் பிரேக் பிடித்து நிற்க இன்னொரு 35 மீட்டர். மொத்தம் 60 மீட்டர். 40 கி.மீ. வேகத்தில் இதே கணக்கு 32 மீட்டர்தான். கண்ணுக்கு 30 மீட்டர் தெரிகிறது என்றால் 40 கூட அதிகம். இருவழி மலைப்பாதையில் எதிரே வருகிறவரும் அதே 30 மீட்டருக்குள்தான் நிற்க வேண்டும். அதனால் தெரிகிற தூரத்தில் பாதிக்குள் நிற்கிற வேகம்தான் பாதுகாப்பு.

தெரிகிற தூரத்தை அளக்க ஒரு வழி இருக்கிறது. 36 கி.மீ. வேகத்தில் நொடிக்குச் சரியாக 10 மீட்டர். ஒரு மரமோ மைல்கல்லோ முதன்முதலாகப் புலப்பட்டதிலிருந்து அதைக் கடக்கும் வரை எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணுங்கள். மூன்று என்றால் 30 மீட்டர், பத்து என்றால் 100 மீட்டர். இந்த 100 மீட்டர் ஒரு நல்ல எல்லை. அதற்கு மேல் தெரிந்தால் ஃபாக் லைட்டுக்கு வேலையில்லை. பிரிட்டனின் சாலை விதிப்புத்தகமும் பார்வை கடுமையாகக் குறையும்போது மட்டுமே ஃபாக் லைட் போடச் சொல்கிறது, பொதுவாக 100 மீட்டரை அளவாக வைக்கிறது. ஜெர்மனி பின்பக்க ஃபாக் லைட்டுக்கு இன்னும் கறார்: மூடுபனியில் பார்வை 50 மீட்டருக்குக் கீழே போனால்தான் போடலாம், அப்போது வேகமும் 50-ஐத் தாண்டக் கூடாது.

பின்பக்க ஃபாக் லைட்டைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். அது தன் வண்டியில் இருப்பதே தெரியாத ஓட்டுநர்கள் நிறையப் பேர். தெரியாமலேயே அதை எரியவிட்டு ஓட்டுகிறவர்களும் உண்டு. விளக்கின் பிரகாசத்தைக் கேண்டெலா என்ற அலகில் அளப்பார்கள். சாதாரணப் பின்விளக்கு ஒரு சில கேண்டெலா அளவில்தான் எரியும். பின்பக்க ஃபாக் லைட்டுக்கு விதி கேட்பது குறைந்தது 150 கேண்டெலா, 300 வரை போகலாம். அதாவது பிரேக் விளக்கோடு போட்டி போடும் பிரகாசம், அதுவும் விடாமல் எரிகிறது. பனிக்குள் 50 மீட்டர் பின்னால் வருகிறவருக்கு அது உயிர்காக்கும் விளக்கு. தெளிவான இரவில், சிக்னலில் உங்களுக்குப் பின்னால் நிற்கிறவர் கண்ணில் அது ஊசியாகக் குத்தும். அதைவிட மோசம், நீங்கள் பிரேக் பிடிப்பது அவருக்குச் சட்டென்று தெரியாமல் போவது. ஏற்கெனவே சிவப்பாகப் பளிச்சென்று எரிகிற இடத்துக்குப் பக்கத்தில் இன்னொரு சிவப்பு ஏறினால் கண் அதை உடனே பிரித்தறியாது. இதற்காகத்தான் இரண்டு விளக்குக்கும் நடுவே 10 செ.மீ.க்கு மேல் இடைவெளி வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். பல கார்களில் பின் ஃபாக் லைட் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். இடப்பக்கம் ஓட்டும் நம் நாட்டில் அது வலப்பக்கம், அதாவது ஓட்டுநர் பக்கம் வரும். ஒரு பக்கம் மட்டும் எரிகிறதே, இன்னொரு பல்ப் போய்விட்டதோ என்று மெக்கானிக்கிடம் போக வேண்டாம்.

சுவிட்சில் இருக்கும் குறிகளை ஒரு தடவை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். முன்பக்க ஃபாக் லைட்டின் குறி பச்சை. விளக்கு உருவத்திலிருந்து இடப்பக்கமாகச் சாய்ந்து இறங்கும் கோடுகளும், அவற்றைக் குறுக்கே வெட்டும் ஒரு நெளிகோடும் இருக்கும். பின்பக்கத்துக்கு ஆரஞ்சு கலந்த மஞ்சள் நிறம். கோடுகள் வலப்பக்கமாக நேராகப் போகும், அதிலும் நெளிகோடு உண்டு. மீட்டரில் அந்த மஞ்சள் குறி எரிந்தால் பின்னால் வருகிறவருக்கு உங்கள் விளக்கு எரிகிறது என்று அர்த்தம். ஹெட்லைட்டோ முன் ஃபாக் லைட்டோ எரியாமல் இது எரியாது.

மஞ்சள் விளக்கு பனியைக் கிழித்துக்கொண்டு போகும் என்ற நம்பிக்கை ஒன்று இருக்கிறது. கடைக்காரர்கள் அதைச் சொல்லித்தான் விற்கிறார்கள். மூடுபனித் துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை. அந்த அளவுத் துளிகள் நீலம், மஞ்சள், சிவப்பு எல்லாவற்றையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். வானத்தை நீலமாக்கும் சிதறல் வேறு, இது வேறு. மஞ்சளில் நீலப் பங்கு இல்லாததால் கண்ணுக்குக் கூச்சம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். அந்தக் காரணத்துக்காக மஞ்சள் பல்ப் போடலாம், நானும் பரிந்துரைப்பேன். ஆனால் சரியான உயரத்தில், சரியான சாய்வில் இருக்கும் வெள்ளை விளக்கு, சாய்வு தவறிய மஞ்சளைவிட நன்றாக வேலை செய்யும்.

வெளியே வாங்கி மாட்டுகிற ஃபாக் லைட்டில் நடக்கும் தவறுகளுக்குக் கணக்கே இல்லை. முதலாவது, ஹாலஜன் பல்புக்காகச் செய்த கிண்ணத்துக்குள், அதாவது வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும் ரிஃப்ளெக்டருக்குள், எல்.இ.டி. பல்பைச் செருகுவது. அந்தக் கிண்ணத்தின் வளைவு, மெல்லிய ஒரு இழை குறிப்பிட்ட ஒரு புள்ளியில் எரியும் என்று கணக்கிட்டுச் செய்தது. எல்.இ.டி. சில்லு தட்டையானது, இரண்டு பக்கமும் எரிவது, இழை இருந்த இடத்திலிருந்து ஒரு மில்லிமீட்டர் தள்ளி உட்காரும். அந்த ஒரு மில்லிமீட்டரிலேயே மேல் விளிம்பு கலைந்து வெளிச்சம் மேலே சிதறும். சுவரில் அடித்துப் பார்த்தால் பிரகாசமாகத்தான் தெரியும். பனிக்குள் போனால் அதே வெள்ளைத் துணி. எல்.இ.டி.தான் வேண்டும் என்றால், எல்.இ.டி.க்காகவே லென்ஸோடு செய்த முழு விளக்கை வாங்குங்கள்.

இரண்டாவது, ஒயரிங். 55 வாட் பல்ப் இரண்டு என்றால் 110 வாட், 12 வோல்ட்டில் 9 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதை நேராக சுவிட்ச் வழியாகக் கொண்டுபோனால் சுவிட்ச் உருகும். சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைப் போட்டு அணைக்கும் ரிலே கட்டாயம். பேட்டரியிலிருந்து வரும் ஒயரில், பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் 15 ஆம்பியர் ஃபியூஸ், பிறகு ரிலேயின் 30-ம் எண் பின். 87-ம் எண் பின்னிலிருந்து விளக்குக்கு. 85 பாடி எர்த். 86-க்குப் போகும் சுவிட்ச் ஒயரைப் பார்க்கிங் லைட் லைனிலிருந்து எடுக்க வேண்டும். அப்போதுதான் வண்டி விளக்கை அணைத்தால் ஃபாக் லைட்டும் அணையும், இரவு முழுக்க எரிந்து பேட்டரி இறங்காது. விளக்குக்குப் போகும் ஒயர் 2.5 சதுர மி.மீ. செம்பாக இருக்கட்டும். மெல்லிய ஒயர் போட்டால் விளக்கு மங்கும், ஒயரை இணைக்கும் கப்லர் சூடாகி நிறம் மாறும். கம்பெனி ஹோல்டர் 19 வாட்டுக்கோ 35 வாட்டுக்கோ செய்ததாக இருந்தால் அதில் 55 வாட் பல்பைச் செருகக் கூடாது. பிளாஸ்டிக் கிண்ணம் வெந்துபோகும்.

மூன்றாவது, சாய்வு. சமதரையில், சுவருக்கு 7.5 மீட்டர் முன்னால் வண்டியை நிறுத்துங்கள். டயர்க் காற்று சரியாக இருக்கட்டும், ஓட்டுநர் இருக்கையில் ஒருவர் உட்காரட்டும். தரையிலிருந்து விளக்கின் நடுப்புள்ளி எவ்வளவு உயரம் என்று அளந்து, சுவரில் அதே உயரத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். அதற்கு 10 செ.மீ. கீழே இன்னொரு கோடு. வெளிச்சத்தின் மேல் விளிம்பு இந்தக் கீழ்க்கோட்டில் உட்கார வேண்டும். விளக்கின் பின்னாலோ பக்கத்திலோ இருக்கும் திருகைத் திருப்பினால் நகரும். டிக்கி நிறையச் சாமான் ஏற்றினால் வண்டியின் மூக்கு தூக்கும், வெளிச்சமும் மேலே போகும். ஊட்டிக்குக் குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் கவனிக்க வேண்டியது இது.

ஜீப்பின் கூரையிலும் பம்பரிலும் மாட்டும் எல்.இ.டி. பட்டையை ஃபாக் லைட் என்று சொல்லாதீர்கள். மேல் விளிம்பே இல்லாத வெளிச்சம் அது. 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் 111-வது விதி, பதிவு அதிகாரியின் முன் அனுமதி இல்லாமல் முன்பக்கம் ஸ்பாட் லைட், சர்ச் லைட் வைக்கவே தடை சொல்கிறது.

விளக்கைத் தவிர வேறு சிலவும் உண்டு. பகலில் பனி இறங்கும்போது ஆட்டோ ஹெட்லைட்டை நம்பக் கூடாது. அதன் சென்சார் பார்ப்பது வெளிச்சத்தை, பனியை அல்ல. வெள்ளைப் பனிக்குள் அது பகல் என்றே நினைக்கும். முன்னால் டி.ஆர்.எல். என்ற பகல்நேர விளக்கு எரியும், பல வண்டிகளில் பின்னால் ஒன்றுமே எரியாது. கையால் டிம்மைப் போடுங்கள். நாலு இண்டிகேட்டரைத் தட்டிவிட்டு ஓட்டினால், வளைவில் நீங்கள் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள், ஓடுகிறீர்களா நிற்கிறீர்களா என்று யாருக்கும் தெரியாது. நாலையும் தட்டுவது நின்றுபோன வண்டிக்கு. பனி என்று நாம் நினைப்பதில் பாதி, கண்ணாடியின் உள்பக்க ஆவியாகவும் இருக்கும். ஏ.சி.யைப் போட்டு, சூட்டைத் திருப்பி, காற்றைக் கண்ணாடிப் பக்கம் விடுங்கள். ஒரு நிமிடத்தில் விலகிவிடும்.

மார்கழி, தை அதிகாலைகளில் கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பக்கம் இறங்கும் பனி வேறு விதம். மலையில் மேகமே வந்து படர்கிறது. இங்கே தரை குளிர்ந்து ஏரி, வயல், பள்ளங்களின் மேல் பனி திட்டுத் திட்டாகத் தேங்கும். நாற்கரச் சாலையில் 90-ல் வருகிறவர் திட்டுக்குள் நுழைந்த பிறகுதான் பிரேக் பிடிக்கிறார், பின்னால் வரும் லாரிக்கு அது தெரிவதில்லை. எதிரே வெண்மை தெரிந்ததுமே, நுழையும் முன்பே, வேகத்தைக் குறைத்து முன்னும் பின்னும் ஃபாக் லைட்டைப் போட்டுவிட வேண்டும். போகி அன்று அதிகாலையில் சென்னையில் புகையும் பனியும் கலந்து நிற்கும்போதும் இதே முறைதான்.

அணைப்பதற்கு ஒரு எளிய அடையாளம்: பின்னால் வருகிற வண்டியின் ஹெட்லைட் உங்கள் கண்ணாடியில் தெளிவாகத் தெரிந்தால் அவருக்கும் உங்கள் சாதாரணப் பின்விளக்கு தெரிகிறது. அப்போதே பின் ஃபாக் லைட்டை அணைத்துவிடலாம். பனிக்குள் வரிசையாக நின்றாலும், பின்னால் ஒருவர் வந்து ஒட்டி நின்றதும் அணைத்துவிடுங்கள், வரிசை நகர்ந்து அவர் பின்தங்கினால் திரும்பப் போடுங்கள். மலை இறங்குகிறவர்கள் கல்லாறு வந்ததும் மீட்டரில் அந்த மஞ்சள் குறி இன்னும் எரிகிறதா என்று ஒரு தடவை பாருங்கள்.