காரைக்குடி டூ சென்னை: எந்த ட்ரெய்லர் வாங்கலாம்?

காரைக்குடில இருந்து சென்னை 400 கிலோமீட்டர் கிட்ட வரும், பழைய தேக்குக் கதவு, ஆத்தங்குடி தரைக்கல்லுன்னு மாசம் ரெண்டு தடவை பிக்கப்புல கட்டி இழுத்துட்டுப் போறோம். இப்ப இருக்குற மூடின ட்ரெய்லர் சதுரப் பெட்டி, திருச்சி தாண்டி எதிர்காத்து அடிச்சா வண்டி அப்படியே திணறுது, டீசல் முள்ளு கண்ணு முன்னாடியே சாயுது.

காத்துத் தடை வேகத்தோட வர்க்கத்துல ஏறும், அதாவது 80ல போறத விட 100ல போனா தடை ஒன்றரை மடங்குக்கும் மேல. அதனால கூர்மூக்கு, உருண்ட ஓரம் இருக்குற ட்ரெய்லர் வாங்குறதா முடிவு. ஆனா மூக்க மட்டும் பாத்து வாங்கிடாதீங்க, உயரம் தான் ரொம்ப முக்கியம், பிக்கப் கூரைக்கு மேல நீட்டுற ஒவ்வொரு அடியும் காத்துல நேரா மோதும். எங்க கதவையெல்லாம் பித்தளைக் குமிழுக்கு பழைய வேட்டி சுத்தி படுக்க வச்சு தான் ஏத்துறோம், அப்புறம் எதுக்கு ஏழடி உயரம்?

இன்னொண்ணு, கல்லுப் பெட்டிய பின்னாடி அடுக்கவே கூடாது, வால் ஆட ஆரம்பிச்சிடும். அச்சுக்குக் கொஞ்சம் முன்னாடி வைங்க, ட்ரெய்லரும் சரக்கும் சேர்ந்த மொத்த எடையில 10லேருந்து 15 சதவீதம் பிக்கப்போட இணைக்குற கொக்கி மேல இருக்கணும். எங்களுக்கு ரெட்டை அச்சு தான் சரி, ஒரு டயர் வெடிச்சாலும் ஓரங்கட்ட நேரம் கிடைக்கும்.