எங்கள் பள்ளி ஆலோசகர்: நாட்குறிப்பிலிருந்து

பிப்ரவரி 12, 2024

தமிழ்ப் பாடவேளை வந்தாலே வயிற்றுவலி என்பான் அந்த எட்டாம் வகுப்புப் பையன். சோம்பேறி என்று ஆசிரியர் அறையில் முடிவு கட்டியாயிற்று. ஆலோசகர் மட்டும் அவனை உட்காரவைத்து வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். எழுத்துக்கூட்டியும் ஒரு வரியைத் தாண்ட முடியவில்லை. கற்றல் குறைபாடாக இருக்கலாம் என்று பெற்றோருக்குப் பக்குவமாக எடுத்துச் சொல்லி, அரசு மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டார். சான்றிதழ் கிடைத்தால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கேட்கலாம். அவன் சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆளும் கேட்கலாம். அந்த விண்ணப்பங்களும் அவர் பொறுப்புதான்.

பிப்ரவரி 15

ஒரு மாணவிக்கு வீட்டில் கல்யாணப் பேச்சு. பதினெட்டு ஆக இன்னும் எவ்வளவோ இருக்கிறது. ஆலோசகர் குழந்தைகள் உதவி எண் 1098க்குத் தகவல் சொன்னார். மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு அம்மாவிடம் பேசினார். விவரம் எதுவும் எங்களிடம் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. உயிருக்கு ஆபத்து, பாலியல் துன்புறுத்தல் என்றால் மட்டும் மறைக்க முடியாது. பாலியல் துன்புறுத்தல் என்றால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி புகார் கொடுத்தே ஆக வேண்டும். அதைப் பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறார். அப்படியும் அவரிடம்தான் வருகிறார்கள்.

இத்தனைக்கும் நடுவில், விடுப்பில் போன ஆசிரியருக்குப் பதிலாக அவரை ஏழாம் வகுப்புக்கு அனுப்பினார்கள். அவர் அறை வாசலில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாடம் நடத்தாதவர் சும்மா இருப்பவரா?

மே 6

காலை 9.30க்குப் பிளஸ் டூ முடிவுகள். யாருக்கெல்லாம் மனம் உடையும் என்று ஆலோசகர் முன்பே குறித்துவைத்திருந்தார். அவர்களே அழைக்கட்டும் என்று காத்திருக்காமல் தானே அழைத்தார். “அப்பா பக்கத்தில் இருக்கிறாரா? போனைக் கொடுப்பா.” துணைத்தேர்வு இருக்கிறது, இதே ஆண்டில் கல்லூரி சேரலாம் என்று பொறுமையாக விளக்கினார். இரவில் பேச ஆள் வேண்டுமென்றால் 14416 என்ற மனநல உதவி எண்ணையும் கொடுத்தார். மாலையில் அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது.

ஜூன் 10

பள்ளி திறந்தாயிற்று. மாற்று வகுப்புப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. தலைமை ஆசிரியரிடம் நாங்கள் சேர்ந்து கேட்டதற்குப் பலன். ஆனால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு இன்னும் இவர் ஒருவர்தான். அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கம் 250 பேருக்கு ஒருவர் வேண்டும் என்கிறது. அடுத்த பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் இரண்டாவது ஆலோசகரைக் கேட்கப்போகிறேன்.