பனிக்கு அடியில் பாசி

கடல் உறையும்போது உப்பு பனிக்கட்டிக்குள் அடங்காது. ஒதுங்கிப்போய், முடி போன்ற மெல்லிய இடுக்குகளில் கடும் உப்புநீராகத் தேங்கி நிற்கும். துருவக் கடல்களில் அந்த ஈரத்துக்குள் பாசி வாழ்கிறது! பெரும்பாலும் டயட்டம்கள், அதாவது ஓடு போர்த்திய ஒற்றைச் செல் பாசிகள். நம்ம கீழ்பவானி வாய்க்கால் படியில் கால் வழுக்குமே, அந்தப் பழுப்புப் பாசியிலும் இவற்றின் சொந்தக்காரர்கள்தான். அதைக் கொஞ்சம் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் காட்டியபோது அண்ணன் மகள் கண்ணை எடுக்கவே இல்லை. "சித்தப்பா, இதோட ஓடெல்லாம் பளபளங்குதுங்க" என்றாள். கண்ணாடிக்கு மூலப்பொருளான சிலிக்காவால் ஆன ஓடு, பளபளக்கத்தானே செய்யும்.

சரி, பனிக்குள் எப்படித் தாக்குப்பிடிக்கின்றன? கிடைப்பது மங்கல் வெளிச்சம். அதையும் விடாமல் பிடிக்கப் பச்சையத்தோடு ஒரு பழுப்பு நிறமியும் வைத்திருக்கின்றன. சில இனங்கள் பனிப்படிகம் வளராமல் தடுக்கும் புரதத்தைச் சுரக்கின்றன. ஆர்க்டிக்கில் இந்தப் பாசியின் பெரும்பகுதி, பனியின் அடிப்பக்கம், கடைசிச் சில சென்டிமீட்டரில்தான் குடியிருக்கிறது. கடல்நீரிலிருந்து நைட்ரேட், சிலிக்கேட் ஆகிய சத்துகள் அங்கேதான் தாராளமாகக் கிடைக்கும். மெலோசிரா ஆர்க்டிகா என்றோர் இனம் பனிக்கு அடியில் மீட்டர் கணக்கில் சரம்சரமாகத் தொங்கும். 2012-இல் ஆர்க்டிக் பனி பெருமளவு உருகியபோது, இது கொத்துக்கொத்தாகக் கடலடித் தரையில் விழுந்து கிடந்ததை ஆய்வாளர்கள் பார்த்தார்கள். ஆழம் சுமார் 4,000 மீட்டர்!

அப்புறம் அண்டார்டிக்கா. குளிர்காலத்தில் அங்கே கிரில் என்ற இறால் போன்ற சிற்றுயிரின் குஞ்சுகளுக்குப் பனியடிப் பாசிதான் முக்கிய ஆகாரம். கிரில்லை நம்பித் திமிங்கிலமும் பெங்குவினும். பனி குறைந்தால் முதல் அடி இந்தக் குஞ்சுகளுக்குத்தான், அதுதான் எனக்குப் பெரிய கவலைங்க.