ஷாட் பட்டியலுக்கு முன் ஒரு தரைப்படம்

திரைப்படப் படிப்பின் முதல் ஆண்டில் நான்கு பக்கத் திரைக்கதை ஒன்றை இயக்கினேன். ஓர் அறை, ஒரு மேசை, அக்கா, தம்பி, கையெழுத்துக்காகக் காத்திருக்கும் ஒரு பத்திரம். அவ்வளவுதான் கதை. பக்கத்துக்கு ஏறத்தாழ ஒரு நிமிடம் என்ற வழக்கமான கணக்கில் நான்கு நிமிடப் படம். அதற்கு 38 ஷாட்கள் எழுதிவைத்திருந்தேன். ஜன்னல் வெளிச்சம் மங்கியபோது 21 முடிந்திருந்தன. எடுக்காமல் விடுபட்டவற்றில், தம்பி பேனாவைக் கீழே வைக்கும் அண்மைக் காட்சியும் ஒன்று. அந்த ஒரு கணத்துக்காகத்தான் படமே எழுதப்பட்டது. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஷாட்களைக் கதை நடக்கும் வரிசையிலேயே எழுதி, அதே வரிசையில் எடுத்ததுதான் தவறு. அக்கா பேசும்போது கேமரா ஒரு பக்கம், தம்பி பதில் சொல்லும்போது மறுபக்கம். ஒவ்வொரு முறையும் முக்காலி, விளக்கு, ஒலிவாங்கி எல்லாம் இடம் மாறின. படப்பிடிப்பில் நேரத்தைத் தின்பது ஷாட்களின் எண்ணிக்கை அல்ல. கேமராவும் விளக்கும் இடம் மாறும் எண்ணிக்கை. ஒரே இடத்தில் நின்று ஐந்து ஷாட் எடுப்பதைவிட, ஐந்து இடங்களில் ஒவ்வொன்று எடுக்கப் பல மடங்கு நேரம் பிடிக்கும்.

அடுத்த பருவத்தில் அதே திரைக்கதையை மறுபடி எடுக்க அனுமதி கேட்டேன். இம்முறை ஸ்டோரிபோர்டையும் (ஷாட்களை வரிசையாக வரைந்த படங்கள்) ஷாட் பட்டியலையும் ஒதுக்கிவைத்துவிட்டு, முதலில் தரைப்படம் வரைந்தேன். மேலிருந்து பார்த்தால் அறை எப்படித் தெரியுமோ அப்படி: கதவு, ஜன்னல், மேசை. ஆளுக்கு ஒரு வட்டம். முகம் நோக்கும் திசைக்கு வட்டத்தில் ஒரு சிறு மூக்கு. நடந்தால் அம்புக்குறி. கேமரா நிற்கும் இடத்தில் விரிந்த இரு கோடுகள். நன்றாக வரையத் தெரியவேண்டும் என்ற அவசியமே இல்லை. ஆனால் அறையை நாடாவால் அளந்து, அளவு விகிதத்தோடு வரையுங்கள்.

அளவு ஏன் முக்கியம் என்றால், பத்தடி அறையில், குறுகிய பகுதியை மட்டுமே காட்டும் 85 மி.மீ. லென்ஸால் ஒருவரை முழு உருவமாகப் பிடிக்க முடியாது. படம் பதிவாகும் சென்சார் பெரிதாக, 35 மி.மீ. ஃபுல் ஃப்ரேமாக இருந்தாலும்கூட அதற்கு 20 அடிக்கு மேல் தள்ளி நிற்கவேண்டும். இதைப் படப்பிடிப்பு நாளில் சுவரில் முதுகு முட்டிய பிறகு கண்டுபிடிக்கக்கூடாது. இன்னொன்றும் தரைப்படத்தில்தான் எனக்கு உறைத்தது: முன்னால் இருப்பதற்கும் பின்னால் இருப்பதற்கும் இடையே தெரியும் இடைவெளியைத் தீர்மானிப்பது லென்ஸ் அல்ல, கேமரா நிற்கும் தூரம். அந்தத் தூரத்திலிருந்து காட்சியின் எவ்வளவு பகுதி படத்துக்குள் வரவேண்டும் என்பதை மட்டுமே லென்ஸ் முடிவு செய்கிறது. ஆகவே எங்கே நிற்பது என்று முதலில் கேளுங்கள். எந்த லென்ஸ் என்பது பிறகு.

180 டிகிரி விதியும் தாளில்தான் தெளிவாகும். எதிரெதிரே அமர்ந்த இருவரையும் இணைத்து ஒரு கோடு போட்டு, கேமராக்களை எல்லாம் அதன் ஒரே பக்கத்தில் வையுங்கள். அப்போது அக்கா திரையில் வலம் நோக்குவார், தம்பி இடம் நோக்குவார். ஒரு கேமரா கோட்டைத் தாண்டிவிட்டால் இருவரும் ஒரே திசையில் வேறு யாரையோ பார்ப்பதுபோல் இருக்கும். எங்கள் கதையில் அக்கா நடுவில் எழுந்து ஜன்னலருகே போகிறார். அவரோடு சேர்ந்து கோடும் திரும்பிவிடுகிறது! முதல் முறை இதை நான் கவனிக்கவேயில்லை. படத்தொகுப்பில் பின்பாதி முழுவதும் குழம்பியது. இரண்டாம் முறை அந்த நடையையே வெட்டாமல் ஒரு ஷாட்டாக வைத்தேன். பார்வையாளரும் அவரோடு நடந்து புதிய பக்கத்துக்கு வந்துவிடுகிறார்.

தரைப்படம் முடிந்தபின் பட்டியல் எழுதும்போது, ஒவ்வொரு ஷாட்டுக்கும் நேராக இரண்டு கட்டங்கள் போடுங்கள்: படத்தில் இதற்கு முன் வரும் ஷாட் எது, அடுத்து வருவது எது. இரண்டையும் நிரப்ப முடியாத ஷாட்டை அடித்துவிடலாம். என் 38இல் பாதிக்கு மேல் இப்படித்தான் போயின. ஒரே ஆளை அடுத்தடுத்து இரண்டு ஷாட்களில் காட்டினால், கோணம் 30 டிகிரியாவது மாறட்டும். இல்லையேல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வெட்டும் இடத்தில் படம் துள்ளுவதுபோல் இருக்கும். நடிப்பு தொடங்குவதற்கு ஐந்து வினாடி முன்பே பதிவைத் தொடங்கி, முடிந்தபின் ஐந்து வினாடி ஓடவிடுங்கள். கிளம்பும் முன் எல்லோரும் அசையாமல் நிற்க, அறையின் வெறும் ஒலியை 30 வினாடி பதிவு செய்யுங்கள். வசனங்களின் இடைவெளியை நிரப்ப அது வேண்டும்.

படப்பிடிப்பு இல்லாத நாட்களில் செய்யக்கூடிய பயிற்சி ஒன்று உண்டு. 1895இல் லூமியேர் சகோதரர்கள் திரையிட்ட படங்கள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 50 வினாடி. அசையாத கேமரா, ஒரே ஷாட். அதேபோல் வாரம் ஒன்று எடுத்துப் பாருங்கள். வெட்டும் நகர்வும் கைவசம் இல்லாதபோது, எங்கே நிற்பது என்ற ஒரே கேள்விதான் மிஞ்சும். எனக்கு ஆறேழு வாரங்களுக்குப் பிறகே கை பழகியது.

இரண்டாவது படப்பிடிப்பில் 17 ஷாட்கள், ஐந்தே கேமரா இடங்கள். பேனாவைக் கீழே வைக்கும் ஷாட்டைக் காலையில் இரண்டாவது இடத்தில் வைத்தேன். நடிகர்கள் இயல்பாகியிருப்பார்கள், களைத்திருக்கமாட்டார்கள், ஜன்னல் வெளிச்சமும் மாறியிருக்காது. நான்கு டேக் எடுத்தோம். நான்காவதுதான் படத்தில் இருக்கிறது.