ஒரே மையில் மூன்று மாதம்

பேராயர் வருகிறார் என்றால், ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள சபைகள் சேர்ந்த எங்கள் குருசேகரத்துக்குத் திருவிழா. கோயிலுக்குச் சுண்ணாம்பு அடிப்போம். திடப்படுத்தல் சடங்குக்குப் பிள்ளைகள் வெள்ளை உடுத்தி வரிசையில் நிற்பார்கள். மதியம் பிரியாணி. சபைப் பதிவேடுகளைச் சரிபார்க்க வருகிறவர் விஷயம் வேறு. துணிப்பையோடு, மாலை மேளம் எதுவுமில்லாமல், பஸ்ஸில் வந்து இறங்குவார். அவர் வருகிறார் என்று கடிதம் வந்தால் எனக்குச் சோறு இறங்காது. பதினெட்டு ஆண்டுகள் அலுவலக எழுத்தராக இருந்தும் அந்தப் பயம் போகவில்லை.

பதிவேடு சரிபார்க்கும் இந்த வழக்கம் எங்கள் மண்ணில் முளைத்ததல்ல. வட ஆற்காட்டில் சபைகளைத் தொடங்கிய ஆற்காடு மிஷன் அமெரிக்கச் சீர்திருத்தச் சபையினருடையது. அவர்களுக்குப் பேராயர் கிடையாது, மூப்பர்கள்தான். 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது ஆங்கிலிக்கன் மரபிலிருந்து பேராயர் வந்தார், கூடவே அவருடைய விசாரணையும் வந்தது. 1976-இல் வேலூர் தனிப் பேராயமானதும் விசாரிக்கிறவர் இன்னும் பக்கத்தில் வந்துவிட்டார்!

திருமணப் பதிவேட்டில் நான் ஒருநாளும் அசட்டையாக இருந்ததில்லை. அது 1872-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு உட்பட்டது. திருமண அறிவிப்பான ஓலையை வாசித்த ஞாயிறுகள் முதல் சாட்சிகளின் கையெழுத்து வரை ஒன்றும் தவறக் கூடாது. அடக்கப் பதிவேடும் அப்படித்தான். வாரிசுச் சான்றுக்கு அலையும் பிள்ளைகள் அதைத்தான் தேடி வருகிறார்கள். சோம்பல் வந்தது ஆராதனைப் பதிவேட்டில். தேதி, செய்தி கொடுத்தவர், வந்தவர்கள் எண்ணிக்கை, காணிக்கை. வாராவாரம் நான்கு கட்டம் நிரப்ப வேண்டும், அவ்வளவுதான். காணிக்கையைப் பொருளாளர் தம் ஏட்டில் எழுதிவிடுவார். மற்றதை நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளி, ஒருமுறை மூன்று மாதக் கணக்கையும் ஒரே இரவில் எழுதி முடித்தேன்.

மறுநாள் வந்த பெரியவர், ஓய்வுபெற்ற ஆயர், பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

“மூன்று மாதமும் ஒரே பேனாவா, தம்பி?”

“ஆமாம் ஐயா.”

விரல் கீழே இறங்கி ஒரு வரியில் நின்றது. 2021 நவம்பர், மூன்றாம் ஞாயிறு. வந்தவர்கள் 140. காணிக்கை 215 ரூபாய்.

“அந்த வாரம் பாலாறு கரை புரண்டு ஓடியதே. நூற்று நாற்பது பேரும் நீந்தியா வந்தார்கள்?”

பொருளாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். உண்மையில் அன்று வந்தவர்கள் பதினொரு பேர். தரைப்பாலம் மூழ்கிவிட்டது. ஆயரம்மா போட்ட கருப்பட்டிக் காப்பியைக் குடித்துக்கொண்டு, ஒலிபெருக்கி இல்லாமல், முதல் இரண்டு பெஞ்சுகளில் நெருங்கி உட்கார்ந்து பாடினோம். நான் பார்த்த ஆராதனைகளில் அப்படி ஒன்று பிறகு அமையவில்லை. அந்த நாளைத்தான் 140 என்று எழுதி இல்லாமல் ஆக்கியிருந்தேன்.

இதைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. சிவப்புப் பேனாவை என்னிடம் நீட்டினார். 140-ஐக் கோடிட்டு அடித்து, மேலே 11 என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன்.

“மற்ற ஞாயிறுகள்?” என்றார் ஐயா, அடுத்த பக்கத்தைத் திருப்பியபடி.